மிக அதிக எடையுள்ள நோயாளியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சர் ஏன் சாய்கிறது, எத்தனை பேர் வேண்டும்?

கேள்வி இதுதான். ஆம்புலன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர், சுமார் 240 கிலோ எடையுள்ள நோயாளியை வீட்டிலிருந்து வண்டிக்குக் கொண்டுவந்திருக்கிறார். வாசல் தாண்டும்போது ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நான்கு பேரும் பாய்ந்து பிடித்ததால் தப்பியது. “ஸ்ட்ரெச்சரில் 318 கிலோ வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறதே, பிறகு ஏன் இப்படி ஆனது? இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால் சரியாகியிருக்குமா?” என்று கேட்கிறார்.

ஆகியிருக்காது. ஆறு பேர் இருந்திருந்தாலும் அந்த ஸ்ட்ரெச்சர் அதே இடத்தில் சாய்ந்திருக்கும். பிடிக்கக் கூடுதலாக நான்கு கைகள் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த 318 கிலோ என்பது, ஸ்ட்ரெச்சரின் சட்டகம் வளையாது, கால் ஒடியாது என்பதற்கான உறுதி. சாயாது என்பதற்கான உறுதி அல்ல. இந்த இரண்டையும் நம்மில் பலர் குழப்பிக்கொள்கிறோம். நானும் முதல் சில வருடங்கள் குழப்பிக்கொண்டவன்தான்.

கணக்காகவே பார்க்கலாம். ஸ்ட்ரெச்சரின் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 56 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 28 செ.மீ. தள்ளுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று இடுப்புயரத்துக்கு ஏற்றிவைத்தால், நோயாளியும் ஸ்ட்ரெச்சரும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். அந்த நிலையில் 16 டிகிரி சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும். அதே ஸ்ட்ரெச்சரை நன்றாக இறக்கி, எடையின் மையத்தை 50 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுவந்தால் 29 டிகிரி வரை தாங்கும். இப்போது இன்னொன்றைச் சேருங்கள். நோயாளியின் வயிறு ஒரு பக்கமாகச் சரிந்து, எடையின் மையம் நடுவிலிருந்து 8 செ.மீ. நகர்ந்துவிட்டது. மிக அதிக எடையுள்ளவர்களிடம் இது சர்வசாதாரணம். உயர்த்தி வைத்த ஸ்ட்ரெச்சருக்கு மிச்சமிருப்பது 11 டிகிரி. அதாவது ஒரு பக்கத்துச் சக்கரங்கள் சுமார் 11 செ.மீ. இறங்கினால் போதும். நடைபாதை ஓரத்தின் உயரமே அவ்வளவு வரும். இதுவும் அசையாமல் நிற்கும்போது போடும் கணக்கு. உருண்டு போகும்போது சக்கரம் எதிலாவது முட்டி நின்றால், அந்த 11 டிகிரிகூட நம் கையில் இல்லை.

ஆகவே நோயாளியின் எடையைவிட ஸ்ட்ரெச்சரின் உயரத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். எடையை நம்மால் மாற்ற முடியாது. உயரம் நம் கையில் இருக்கிறது.

கவிழ்வது மட்டும் அல்ல. அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ.வுக்கு 1996 முதல் 2005 வரை வந்த ஸ்ட்ரெச்சர் விபத்துப் புகார்கள் 671ஐ எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டவை, ஸ்ட்ரெச்சரின் கால் மடங்கிப் பொத்தென்று கீழே இறங்கிய சம்பவங்கள். மூன்று நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், ஏற்கெனவே முழுதாக இறக்கிவைத்த ஸ்ட்ரெச்சர் மடங்குவதற்கு இடமே இல்லை. சாய்வது, மடங்குவது இரண்டுமே உயர்த்தியதால் வருகிற வினைகள்.

தயாரிப்பாளர்களும் இதையேதான் வேறு மொழியில் சொல்கிறார்கள். ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தின் எம்எக்ஸ்-ப்ரோ பேரியாட்ரிக் ஸ்ட்ரெச்சர் இதற்கென்றே செய்த அகலமான மாடல். அடிமட்டத்தில் இருக்கும்போது அது 727 கிலோ தாங்கும். வேறு எந்த உயரத்தில் வைத்தாலும் 385 கிலோதான். அதே ஸ்ட்ரெச்சர்தான். உயர்த்தினால் தாங்கும் அளவு கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. உங்கள் ஸ்ட்ரெச்சரின் கையேட்டிலும் உயரத்துக்கு ஏற்ப இப்படித் தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்களா என்று இன்றே புரட்டிப் பாருங்கள். ஸ்டிக்கரில் பெரும்பாலும் ஒரே எண்தான் இருக்கும்.

சரி, எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். நோயாளிகளைக் கையால் தூக்கும்போது ஒருவருக்கு 16 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் தரப்பில் வந்த பரிந்துரை. 240ஐ 16ஆல் வகுத்தால் 15 பேர். ஒரு ஸ்ட்ரெச்சரைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்கவே முடியாது. நான்கு பேர் என்றால், 57 கிலோ மின்சார ஸ்ட்ரெச்சரையும் சேர்த்து ஆளுக்கு 74 கிலோ. அதுவும் நால்வருக்கும் சமமாக வராது. தலைப்பக்கம் நிற்பவருக்குத்தான் அதிகம் விழும், உடம்பின் கனம் அங்கேதான் இருக்கிறது. இதிலிருந்து புரிய வேண்டியது, இந்த எடையில் தூக்குவது என்ற வேலையே கிடையாது. சறுக்க வைக்கலாம், உருட்டலாம், காற்றடித்து உயர்த்தலாம், வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் பொறி) வைத்து இழுக்கலாம். ஆள் தேவைப்படுவது வழி பார்க்கவும், பக்கத்தில் நின்று நிதானப்படுத்தவும், சறுக்கும்போது இழுக்கவும்தான். அதற்கு ஆறு பேர் இருந்தால் நிம்மதி. நான்குக்குக் குறைந்தால் நான் தொடங்கவே மாட்டேன், நோயாளியின் உயிர் அந்த நிமிடத்திலேயே போய்க்கொண்டிருந்தால் தவிர.

இனி நடைமுறை. ஸ்ட்ரெச்சரை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னால் ஒருவர் வெறுங்கையோடு உள்ளே போக வேண்டும். அவர் பார்க்க வேண்டியது நோயாளியையும் வழியையும். மற்றவர்கள் வெளியே நிற்கட்டும். எல்லோரும் திமுதிமுவென்று நுழைந்தால் அந்த அறையில் யோசிக்க இடமிருக்காது.

எடையை நோயாளியிடமே நேரடியாகக் கேளுங்கள். ஆனால் அருகில் போய், தணிந்த குரலில், ஏன் கேட்கிறோம் என்று சொல்லிக் கேளுங்கள். “உங்களுக்குச் சரியான ஸ்ட்ரெச்சரை வரவழைக்கத்தான் கேட்கிறேன்” என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வாசலில் நின்றுகொண்டு “எத்தனை கிலோ இருப்பாரு?” என்று கத்துபவரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தில் நோயாளியின் ஒத்துழைப்பு போய்விட்டது, அடுத்த முக்கால் மணி நேரம் எல்லோருமே அனுபவித்தோம். அப்புறம் இதையும் கேளுங்கள்: வழக்கமாக எப்படி எழுந்திருப்பீர்கள், எந்தப் பக்கம் திரும்பினால் மூச்சு சுலபமாக இருக்கும், எந்தக் காலில் ஊன்ற முடியும்? அந்த உடம்போடு தினமும் வாழ்பவர் அவர். நமக்குத் தோன்றாத ஒரு வழி அவரிடம் பெரும்பாலும் இருக்கும். இரண்டடி எடுத்துவைத்துத் தானே உட்கார முடிந்த நோயாளியை, எதற்கும் இருக்கட்டும் என்று எட்டுப் பேர் சேர்ந்து இழுப்பதில் யாருக்கும் நன்மையில்லை.

மூச்சைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்ட்ரெச்சர் கவிழ்வதைவிடச் சத்தமில்லாமல் உயிரைப் பறிக்கக்கூடியது இதுதான். மல்லாக்கப் படுக்க வைத்தால் வயிற்றின் கனம் முழுக்க உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரல் விரிய இடம் கிடைக்காது. ஏற்கெனவே மூச்சுத்திணறலோடு இருப்பவர் சில நிமிடங்களில் நீலம் பாரித்துவிடலாம். அவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்று குடும்பத்தார் சொன்னால் அதுவே போதுமான எச்சரிக்கை. தலைப்பக்கத்தை உயர்த்தியே வைத்திருங்கள். காதுத் துவாரமும் நெஞ்செலும்பின் மேல் குழியும் ஒரே கிடைமட்டத்தில் வருகிற அளவுக்குத் தோளுக்கும் தலைக்கும் அடியில் போர்வைகளை மடித்து வையுங்கள். வேறு வழியின்றிப் படுக்க வைத்துத்தான் நகர்த்த வேண்டும் என்றால், ஸ்ட்ரெச்சர், பெல்ட், ஆட்கள் எல்லாம் தயாரான பிறகு கடைசியாகப் படுக்க வையுங்கள், நகர்த்தியதும் உடனே உட்கார வையுங்கள். படுக்க வைத்துவிட்டு, சறுக்கி மாற்ற உதவும் ஸ்லைடு ஷீட்டைத் தேடுவது பெரிய தவறு.

வழியைப் பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பது அல்ல, அளப்பது. ஸ்ட்ரெச்சரின் அகலம் கதவில் நுழையும். நோயாளியின் முழங்கைகள் நுழையுமா? அவர் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு முழங்கைகளுக்கும் இடையே எவ்வளவு என்று டேப் வைத்துப் பாருங்கள். கதவைக் கீலிலிருந்து கழற்றினால் சில சென்டிமீட்டர் கிடைக்கும். சில நேரம் அந்தச் சில சென்டிமீட்டர்தான் பிரச்சினையே. படிக்கட்டு நாற்காலியைக் கொண்டுவரலாம் என்று நினைத்தால் அதன் வரம்பையும் பாருங்கள். பரவலாகப் புழங்கும் மாடல்களில் 227 கிலோவோடு நிற்பவை உண்டு. 240 கிலோ நோயாளிக்கு அது ஆகாது, “கொஞ்சம்தானே அதிகம்” என்ற பேச்சே வேண்டாம்.

லிஃப்டைப் பலரும் யோசிப்பதில்லை. உள்ளே 630 கிலோ என்று தகடு இருக்கிறது. நோயாளி 240, ஸ்ட்ரெச்சர் 57, நான்கு பேர் தலா 75 என்றால் 300. இதுவே 597. ஆக்ஸிஜன் சிலிண்டர், மானிட்டர், மருந்துப் பை எல்லாம் சேர்ந்தால் தகட்டின் விளிம்பில் நிற்கிறோம். இரண்டு பேர் மட்டும் கூடப் போங்கள், மற்றவர்கள் படியில் இறங்கி வரட்டும். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள், மூச்சுத்திணறும் நோயாளியோடு காத்திருப்பதைக் கற்பனை செய்து பார்த்தால் படி இறங்குவது பாரமாகத் தெரியாது.

படுக்கையிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவதில் உராய்வுதான் எதிராளி. வெறும் பெட்ஷீட்டைப் பிடித்து இழுத்தால் முதுகும் போகும், நோயாளியின் தோலும் போகும். வழுக்கும் துணியால் ஆன ஸ்லைடு ஷீட்டை இரண்டாக மடித்து அடியில் போடுங்கள். கிடைத்தால் காற்றடிக்கும் மெத்தை இன்னும் நல்லது. அதன் அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்று வெளியேறி மெத்தையை மெல்லிதாகத் தூக்கிக்கொடுப்பதால், பெரிய எடையும் இழுத்த இழுப்புக்கு வரும். ஆனால் சரிவு இருந்தால் இழுக்காமலேயே வந்துவிடும், அதனால் பக்கத்துக்கு ஓர் ஆள் பிடித்துக்கொள்ளாமல் காற்றைத் திறக்காதீர்கள். படுக்கை ஸ்ட்ரெச்சரைவிட ஒரு விரற்கடை உயரமாக இருக்கட்டும். இரண்டின் சக்கரங்களையும் லாக் செய்த பிறகும் ஸ்ட்ரெச்சரின் மறுபக்கம் இடுப்பை முட்டுக்கொடுத்து ஒருவர் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்த எடை இடிக்கும்போது லாக் செய்த சக்கரமும் தரையில் வழுக்கும். காலை எடுத்து வைக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். ஒரு கால் உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, 240 கிலோவில் 40 கிலோ. அதைப் போகிற போக்கில் ஒரு கையால் தூக்கிவைக்கப் போய்த் தோளைக் கெடுத்துக்கொண்டவர்கள் இந்தத் தொழிலில் நிறைய.

தரையில் விழுந்து கிடப்பவர் என்றால், அடுக்கடுக்காகக் காற்று நிரம்பும் மெத்தையை அடியில் செருகி, கீழடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக நிரப்பி, ஸ்ட்ரெச்சரின் தாழ்ந்த உயரத்துக்குக் கொண்டுவந்து சறுக்கி மாற்றுவதுதான் முறை. அது இல்லாவிட்டால் சுற்றிலும் கைப்பிடி தைத்த தடித்த துணிவிரிப்பில் போட்டுத் தரையோடு இழுங்கள். ஸ்பைன் போர்டை (முதுகெலும்பு அசையாமல் கிடத்தும் பலகை) மறந்துவிடுங்கள், அது இவர்களுக்குப் பாதி அகலம்தான் வரும்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு உடனே கிளம்பாமல் ஒரு நிமிடம் செலவழியுங்கள். நோயாளி நடுவில் இருக்கிறாரா? கால்பக்கம் போய் நின்று பாருங்கள், மூக்கும் தொப்புளும் ஸ்ட்ரெச்சரின் நடுக்கோட்டில் வருகின்றனவா என்று. தொப்புள் ஒரு பக்கம் போயிருந்தால் வயிறு சரிந்திருக்கிறது. போர்வையைச் சுருட்டி அந்தப் பக்கம் அண்டைகொடுங்கள். அகலமாக மடித்த பெட்ஷீட்டை வயிற்றையும் கைகளையும் சேர்த்து இதமாகச் சுற்றிவிட்டால், வயிறும் ஆடாது, பயத்தில் நோயாளி சட்டென்று கதவு நிலையைப் பிடிப்பதும் நடக்காது. அப்படி ஒரு பிடி போதும், ஓடுகிற ஸ்ட்ரெச்சர் சாய்வதற்கு. பக்கத் தடுப்பை மேலே ஏற்றும்போது சதை மடிப்பு இடுக்கில் மாட்டியிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த இடமானால் நோயாளிக்கே தெரியாது, வண்டியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் நமக்குத் தெரியும். பெல்ட் எட்டவில்லை என்றால் நீட்டிப்புப் பெல்ட் போடுங்கள். எட்டவில்லை என்பதற்காகத் தோள் பெல்ட்டை விடக்கூடாது. ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் பொருத்துகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 1789இல் 10ஜி, அதாவது எடையைப் போல் பத்து மடங்கு விசைக்குச் சோதிக்கிறார்கள். அந்த விசையில் 240 கிலோ நோயாளி 2400 கிலோவாக முன்னால் பாய்வார். ஓட்டுநரின் இருக்கை அந்தத் திசையில்தான் இருக்கிறது.

இனி உருட்டுவது. எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, நீளவாக்கில், கால்பக்கம் முன்னால். குனிந்து தள்ள வேண்டியிருக்கும், முதுகு முனகும். அந்த முனகலுக்குப் பணிந்து “கொஞ்சம் ஏத்திக்கலாமா” என்று ஒருவர் கேட்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். எனக்கு நடந்ததும் அப்படித்தான். சமதளம்தானே என்று இடுப்புயரத்துக்கு ஏற்றிவிட்டோம். பத்தடி தள்ளி வடிகால் கம்பி மூடியின் இடைவெளியில் முன் சக்கரம் இறங்கியது. ஸ்ட்ரெச்சர் நின்றது, நோயாளியின் உடம்பு நிற்கவில்லை. இடப்பக்கம் நின்ற சக ஊழியர் தோளைக் கொடுத்துத் தாங்கியதால் கவிழவில்லை, ஆனால் அவர் ஆறு வாரம் வேலைக்கு வரவில்லை. சாயும் ஸ்ட்ரெச்சரைத் தோளால் தாங்குவது வீரம் அல்ல, அதிர்ஷ்டம். அன்றிலிருந்து வண்டியில் இரண்டு ஒட்டுப்பலகைகள் வைத்திருக்கிறேன். சரளைக்கல், ஈரப்புல், கம்பி மூடி எதுவானாலும் ஒன்றை விரித்து அதன் மேல் உருட்டி, மற்றதை முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். பார்க்க நாட்டுவைத்தியம் மாதிரி இருக்கும், வேலை செய்யும்.

நிலைப்படியைக் கோணலாகக் கடக்காதீர்கள். இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். ஒன்று ஏறி மற்றது நின்றால் ஸ்ட்ரெச்சர் முறுக்கிக்கொள்ளும். உங்கள் வாசலில் நடந்தது அநேகமாக இதுதான் என்பது என் ஊகம். ஸ்ட்ரெச்சரைக் குறுக்குவாட்டில் தள்ளுவதும் வேண்டாம். திரும்ப வேண்டிய இடத்தில் நின்று, தலைப்பக்கத்தை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். பக்கத்தில் வருபவர்கள் சட்டகத்தைப் பிடிக்க வேண்டும், பக்கத் தடுப்பை அல்ல. அது நோயாளி உருண்டுவிடாமல் இருக்க வைத்தது, இழுவைக்கு அல்ல. கட்டளை ஒருவருடைய வாயிலிருந்து மட்டும் வரட்டும். ஆனால் “நிறுத்து” என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு, நோயாளிக்கும் சேர்த்து.

வண்டியில் ஏற்றுவதற்குச் சாய்தளமும் வின்ச்சும் வேண்டும். இல்லாத வண்டியில் கையால் ஏற்றப் பார்க்காதீர்கள், அவை உள்ள வண்டியை வரவழையுங்கள். நோயாளியும் ஸ்ட்ரெச்சருமாக 300 கிலோவை 10 டிகிரி சரிவில் பிடித்து நிறுத்தவே 52 கிலோ விசை வேண்டும், 15 டிகிரியில் 78. பாதி வழியில் ஒருவருக்கு வழுக்கினால் மிச்சம் மற்றவர் தலையில். வின்ச் இழுக்கும்போது ஸ்ட்ரெச்சருக்குக் கீழே, சரிவின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. பக்கவாட்டில் நின்று திசையை மட்டும் பாருங்கள். தானாக ஏற்றும் மின்சார அமைப்பு உள்ள வண்டி என்றால், அதன் வரம்பில் ஸ்ட்ரெச்சரின் எடையும் சேர்த்தியா என்று கையேட்டில் பாருங்கள். இறக்கும்போது அவசரம் இன்னும் ஆபத்து. பின்கால்கள் முழுதாக இறங்கி லாக் விழுந்த சத்தத்தைக் கேட்டு, கண்ணாலும் பார்த்த பிறகுதான் முன் சக்கரங்கள் வண்டித் தளத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

கடைசி வழி என்று சிலர் நோயாளியை வண்டித் தரையில் மெத்தை போட்டுக் கிடத்திக் கொண்டுபோவார்கள். வேறு எந்த வழியும் இல்லாமல், நேரமும் இல்லாமல் போனால் மட்டும். பிரேக் அடித்தால் அவரைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்தே செய்யுங்கள், நடை வேகத்தில் ஓட்டுங்கள்.

கிளம்பும் முன் மருத்துவமனைக்கு எடையைச் சொல்லிவிடுங்கள். அங்கே அகலக் கட்டிலையும் ஆட்களையும் ஏற்பாடு செய்ய நேரம் வேண்டும். ஸ்கேன் மேசைக்கும் வரம்பு உண்டு, அதை அவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் குறுகலான சாதாரண ட்ராலியைக் காட்டி “இதில் மாற்றிவிட்டுப் போங்கள்” என்பார்கள். சரியான கட்டில் வரும் வரை உங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே இருக்கட்டும், தாழ்த்தியே.

திரும்பியதும் ஸ்ட்ரெச்சரைத் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். சக்கர அச்சு வளைந்திருக்கிறதா, வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா, பெல்ட் தையல் விட்டிருக்கிறதா, பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது. உங்களுடையது வாசலில் சாய்ந்து பிடிபட்ட ஸ்ட்ரெச்சர். பக்கவாட்டு முறுக்கு அதன் கால்களில்தான் விழுந்திருக்கும். பழுது பார்ப்பவர் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொல்லும் வரை அதை அடுத்த நோயாளிக்கு எடுக்காதீர்கள்.